ஆறு மாத நாற்காலி: பொலோஞா பயணக் குறிப்புகள்

ஏப்ரல் 16, வியாழன்

இத்தாலியின் பொலோஞாவில் ரயிலை விட்டு இறங்கி, பெட்டியை அறையில் போட்ட கையோடு அக்கா மகன் எங்களை இழுத்துக்கொண்டு போன இடம் பியாட்சா மஜ்ஜோரே. பெரிய சதுக்கம் என்று பொருள். ஊர்க்காரர்கள் வெறுமனே பியாட்சா என்கிறார்கள். தெற்கே சான் பெத்ரோனியோ தேவாலயம், முகப்பில் பாதிக்குப் பளிங்கு, மேல் பாதி வெறும் செங்கல். பணம் போதாமல் விட்ட வீடு போல நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நிற்கிறது. மேற்கே, கோட்டை மாதிரி நீண்டு கிடப்பது பலாட்சோ தக்கூர்சியோ. அதுதான் நகர மன்றம்.

முப்பது வருஷம் உள்ளாட்சித் தணிக்கையில் குப்பை கொட்டியவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு முன்னால் முனிசிபல் ஆபீஸைத்தான் பார்ப்பேன் என்று என் மனைவி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். இந்த முறை ஒளிவு மறைவே இல்லை. இந்த ஊர் மேயர் பதவியின் கதைக்காகத்தான் வந்திருக்கிறேன். அவளுக்கு பாஸ்தா, எனக்கு இது.

நகர மன்றத்தின் சுவரில், நெத்தூனோ என்ற கடல் தெய்வத்தின் சிலை இருக்கும் பக்கம், ஆள் உயரத்தில் சில அளவுகளைக் கல்லில் பதித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து பொலோஞாவின் அடி, முழம், கோல். பக்கத்திலேயே ஒரு செங்கல், ஒரு ஓடு எந்த அளவில் இருக்க வேண்டும் என்றும் வெட்டி வைத்திருக்கிறது. துணிக்கடைக்காரர் முழத்தில் கைவைக்கிறார் என்று சந்தேகம் வந்தால், நேராக இங்கே வந்து அளந்து பார்த்துக்கொள்ளலாம். மனைவி சாண் வைத்துப் பார்த்தாள். அடி சரியாக இரண்டு சாண். கணக்குக்கு 38 சென்டிமீட்டர். “இது நல்ல ஏற்பாடா இருக்கே” என்றாள். இருட்டும் வரை நான் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

இன்று சதுக்கத்தின் வடக்குப் பக்கம். பலாட்சோ தெல் பொதெஸ்தா, அதாவது பொதெஸ்தாவின் மாளிகை.

பொதெஸ்தா யார் என்று தெரியாமல் இந்த ஊரின் மேயர் கதையைத் தொடங்க முடியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொலோஞாவை ஆண்டவர்கள் கான்சல்கள். எல்லாரும் உள்ளூர்ப் பெரிய வீட்டு ஆட்கள். பெரிய வீடு என்றால் சும்மா இல்லை, ஒவ்வொரு குடும்பமும் பகைவனைப் பார்த்து ஒரு கோபுரம் எழுப்பிக்கொண்ட காலம். தீர்ப்புச் சொல்பவன் ஒரு கட்சியின் மைத்துனன், வரி போடுபவன் இன்னொரு கட்சியின் சம்பந்தி. இதற்கு இந்த ஊர் கண்ட வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: உள்ளூர்க்காரன் யாரும் வேண்டாம், வெளியூரிலிருந்து ஒருவனைச் சம்பளத்துக்குக் கூட்டிவருவோம். 1151ல் குயிதோ தா சாஸ்ஸோ என்பவர் இங்கே பொதெஸ்தா ஆனார். இத்தாலியிலேயே இந்தப் பதவிக்கு வந்த முதல் சிலரில் ஒருவர்.

முதலில் ஒரு வருஷம், பிற்பாடு ஆறு மாதம். அவ்வளவுதான் பதவிக்காலம். வருகிறவர் நீதிபதிகள், நோட்டரிகள், காவல் வீரர்கள், குதிரைகள் எல்லாவற்றையும் தாமே கூட்டிவர வேண்டும். அந்தக் காலத்து இத்தாலிய நகரச் சட்டங்களைப் பார்த்தால், உள்ளூர்க்காரன் வீட்டில் அவர் கை நனைக்கக் கூடாது, இங்கே பெண் எடுக்கக் கூடாது, ஊரில் சொந்தபந்தம் இருக்கக் கூடாது என்று ஏகப்பட்ட கட்டு. விருந்தில் தொடங்குவதுதான் வழக்கில் போய் முடியும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. ஆறு மாதம் முடிந்ததும் பொதெஸ்தா மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. சில நாள் ஊரிலேயே தங்கி, தணிக்கைக்கு உட்கார வேண்டும். யாருக்குக் குறை இருந்தாலும் வந்து சொல்லலாம். சம்பளத்தின் கடைசித் தவணை அதுவரை கைக்கு வராது. தப்பு என்று தெரிந்தால் அபராதம். இந்த விசாரணைக்குப் பெயர் சிந்தகாத்தோ. விசாரிப்பவர்கள் சிந்தகோக்கள்.

இன்றைக்கு இத்தாலியில் மேயரை என்னவென்று கூப்பிடுகிறார்கள் தெரியுமா? சிந்தகோ! கிரேக்கத்தில் சின்திகோஸ் என்றால் வழக்கில் பக்கத்தில் நின்று பேசுபவர், ஊர் சார்பாக வாதாடுபவர். அது இங்கே வந்து ஆளுகிறவனைக் கேள்வி கேட்பவனின் பெயரானது. இன்னும் பிற்பாடு ஆளுகிறவனுக்கே ஒட்டிக்கொண்டது. தணிக்கைக்காரன் பெயரை மேயர் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்று அக்கா மகனிடம் சொன்னேன். “மாமா, விட்டா சங்கம் வெச்சு வழக்குப் போடுவீங்க போல” என்றான்.

இந்த வேலைக்கு ஆள் அனுப்பும் ஊராகவும் பொலோஞா இருந்தது. சட்டம் படிக்க ஐரோப்பா முழுக்க இங்கேதான் வந்தார்கள், அதனால் ஆளுக்குப் பஞ்சமில்லை. பிரான்கலெயோனே தெலி அந்தலோ என்ற பொலோஞாக்காரரை 1252ல் ரோம் நகரம் தன்னை ஆளும் செனட்டராகக் கூப்பிட்டது. அவர் லேசுப்பட்டவர் இல்லை. மூன்று வருஷம் தருவதென்றால் வருகிறேன், என் உயிருக்குப் பிணையாக ரோம் பிரபுக்கள் வீட்டு ஆட்களை பொலோஞாவில் கொண்டுபோய் வையுங்கள் என்றார். வைத்தார்கள். 1255ல் ரோமில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டபோது அந்தப் பிணைதான் காப்பாற்றியது. போப் மதத்தடை போட்டு மிரட்டியும் பொலோஞா அந்தப் பிணையாட்களை விடவில்லை. கடைசியில் பிரான்கலெயோனே உயிரோடு திரும்பினார்.

மாளிகையின் கீழே நான்கு தெரு சந்திக்கிற மாதிரி ஒரு வளைவு மண்டபம். எதிரெதிர் மூலைகளில் இரண்டு பேர் சுவரைப் பார்த்து நின்று முணுமுணுத்தால், நடுவில் போகிறவருக்குக் கேட்காது, எதிர் மூலைக்குத் தெளிவாகக் கேட்கும். அதற்கு ஒரு வரிசையே நிற்கிறது. எங்கள் முறை வந்ததும் நான் மூலையில் நின்று காது கொடுத்தேன். கல்லுக்குள்ளிருந்து மனைவியின் குரல்: “பசிக்குது, போலாமா?”

பக்கத்துக் கட்டடம் ரே என்ட்சோ மாளிகை. பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் மகன் என்ட்சோவை 1249ல் ஃபொஸ்ஸால்தா போரில் பிடித்துவந்து இங்கே அடைத்தார்கள். அப்பா எவ்வளவு கேட்டும் விடவில்லை. 1272ல் சாகும் வரை, இருபத்து மூன்று வருஷம், உள்ளேயே இருந்தார். அந்த இருபத்து மூன்று வருஷத்தில் பக்கத்து மாளிகையில் எத்தனை பொதெஸ்தா வந்து எத்தனை பேர் கணக்கு ஒப்படைத்துப் போயிருப்பார்கள்! நிரந்தரமாக இருந்தவர் கைதி ஒருவர்தான்.

ஏப்ரல் 18, சனி

நகர மன்றத்துக்குள் போக டிக்கெட் வேண்டியதில்லை. மேல் மாடி அருங்காட்சியகத்துக்கும் மணிக்கூண்டுக்கும் மட்டும்தான்.

முற்றத்தில் நுழைந்ததும் காலடியில் அரிசி. பச்சரிசி, கல் இடுக்கெல்லாம். புறாக்கள் கொத்திக்கொண்டிருந்தன. மேலே சிவப்பு அறை என்ற கூடத்தில் சனிக்கிழமை என்றால் வரிசையாகப் பதிவுத் திருமணம். வெளியே வரும் ஜோடிமேல் அரிசியை வாரி எறிகிறார்கள். “அட்சதைன்னா மஞ்சளாவது தடவ வேண்டாமா” என்றாள் மனைவி.

ஒரு ஜோடி படியிறங்கியது. அவர்களுக்குப் பின்னால், நடத்திவைத்தவர் தோளில் குறுக்காகப் பச்சை, வெள்ளை, சிவப்பு நாடாவுடன். நாடாவில் இரண்டு சின்னம்: குடியரசுடையது ஒன்று, ஊருடையது ஒன்று. திருமணம் செய்துவைப்பது சட்டப்படி மேயரின் வேலை. மேயர் எல்லாவற்றுக்கும் வர முடியுமா? வேறு யாருக்காவது அதிகாரம் எழுதிக்கொடுப்பார், அவர் நாடாவைப் போட்டுக்கொள்வார். அன்று வந்த அம்மாள் காரியம் முடிந்ததும் நாடாவைக் கழற்றி, நாலாக மடித்து, கைப்பையில் திணித்துக்கொண்டு போனார். எட்டு நூற்றாண்டு அதிகாரம் ஜிப்புக்குள் போனது.

மாடிப்படி விசேஷமானது. படி என்றே சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் நாலு விரல் உயரம், ஆனால் ஒரு கட்டில் நீளம். குதிரையில் உட்கார்ந்தபடியே மாடிக்கு ஏற வேண்டும் என்று போட்டதாம். பிரமாந்தே என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார் என்கிறார்கள். குதிரைக்குச் சுகம், மனிதனுக்கு இரண்டு அடிக்கு ஒரு தடுமாற்றம்.

குதிரையில் ஏறியவர்கள் யார்? பொதெஸ்தாக்கள் காலம் மெல்ல மங்கி, பென்திவோலியோ குடும்பம் ஊரைக் கையில் வைத்திருந்தது. 1506ல் போப் இரண்டாம் ஜூலியஸ் படையோடு வந்து அவர்களைத் துரத்தினார். அதன் பிறகு கிட்டத்தட்ட மூன்று நூற்றாண்டு, நெப்போலியன் வரும் வரை, மேல் மாடியில் போப்பின் பிரதிநிதி, ஒரு கார்டினல். கீழே ஊர் செனட். போப் ஐந்தாம் நிக்கோலஸ் 1447லேயே எழுதிக்கொடுத்த உடன்பாடு ஒன்று உண்டு. அதன்படி செனட் இல்லாமல் கார்டினல் எதையும் முடிவு செய்யக் கூடாது, கார்டினல் இல்லாமல் செனட்டும் முடிவு செய்யக் கூடாது. ஒரே கோப்பில் இரண்டு கையெழுத்து. வேலை எப்படி நடந்திருக்கும் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செனட்டின் தலைவர் பெயர் கொன்ஃபலோனியேரே. கொடி தாங்குபவர் என்று பொருள். அவரும் அவரோடு அன்ட்சியானி என்ற பெரியவர்களும் பதவியில் இருந்தது எவ்வளவு நாள்? இரண்டே மாதம். பொதெஸ்தாவுக்காவது ஆறு மாதம் கிடைத்தது! சீல் எந்த மேசை அறையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் இறங்க வேண்டியதுதான். அதிகாரம் மாடியில் இருந்தது, கௌரவம் மட்டும் கீழே சுற்றிவந்தது. ஆனால் அந்த இரண்டு மாத கௌரவத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1530 முதல் 1796 வரை ஒவ்வொரு குழுவும் தங்கள் குடும்பச் சின்னங்களை, சில சமயம் அந்த இரண்டு மாதத்தில் நடந்த விழாவையும் சேர்த்து, தோல் காகிதத்தில் வண்ணப் படமாக வரைந்து வைத்துவிட்டுப் போனார்கள். திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் போட்டுக்கொள்கிற ஆசை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

போப்புகளுக்கு இந்த ஊர் வைத்த சிலைகளின் கதை தனி. இரண்டாம் ஜூலியஸுக்கு மைக்கலாஞ்சலோ வெண்கலத்தில் ஒரு சிலை வார்த்தார். 1508ல் எதிரே இருக்கும் தேவாலய வாசலுக்கு மேலே ஏற்றினார்கள். மூன்றே வருஷம். 1511ல் பென்திவோலியோ ஆட்கள் திரும்பி வந்தபோது கீழே தள்ளி உடைத்தார்கள். ஃபெர்ராரா பிரபு அந்த வெண்கலத்தை உருக்கி பீரங்கி செய்து, அதற்கு ஜூலியா என்று பெயரும் வைத்தார்.

நகர மன்ற வாசலுக்கு மேலே இன்றைக்கும் உட்கார்ந்திருப்பவர் பதின்மூன்றாம் கிரிகோரி. நாம் மாட்டியிருக்கும் காலண்டருக்குச் சொந்தக்காரர், இந்த ஊரில் பிறந்தவர். 1796ல் பிரெஞ்சுப் படை வந்தபோது, போப் சிலை என்றால் தப்பாது என்று பயந்து, அவருடைய போப் கிரீடத்தை எடுத்துவிட்டு பிஷப் தொப்பி வைத்து, கையில் செங்கோலைக் கொடுத்து, இவர் எங்கள் ஊர்க் காவல் புனிதர் பெத்ரோனியோ என்று கீழே எழுதிவிட்டார்கள். நூறு வருஷத்துக்குக் கிட்டே மாறுவேஷத்திலேயே இருந்திருக்கிறார்! 1895ல்தான் பழைய பெயர் திரும்பியது.

ஏப்ரல் 19, ஞாயிறு

சான் லூக்கா மலைக்கு ஏறினோம். ஊரின் பழைய வாசலான போர்த்தா சரகோட்சாவிலிருந்து உச்சி வரை 666 வளைவுகள், கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர், வெயில் மழை எதுவும் படாது. ஆனால் முட்டி வலியை எந்தக் கூரையும் தடுக்காது. திரும்பி வந்து தாலியாத்தெல்லே சாப்பிட்டோம். வெந்த பிறகு அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமென்று 1972ல் வர்த்தக சபையில் எழுதிப் பதிவு செய்திருக்கிறார்களாம். சுவரில் செங்கல் அளவு பதித்த ஊர் வேறு என்ன செய்யும்? இன்றைக்கு இவ்வளவுதான். கால் வலிக்கிறது.

ஏப்ரல் 20, திங்கள்

காலையிலிருந்து மழை. இந்த ஊரில் மழைக்குக் குடை தேவையில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான், தெருவுக்குத் தெரு தூண் வைத்த நடைபாதைதான். ஆனால் தெருவைக் கடக்கும் இடத்தில் நனைந்துதானே ஆக வேண்டும். நன்றாக நனைந்தோம்.

அரசு ஆவணக் காப்பகத்தின் வாசல் வரை போனோம். உள்ளே போகவில்லை, நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை. வாசலைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. காரணம், மெமொரியாலி என்ற பதிவேடுகள் இங்கேதான் இருக்கின்றன. 1265ல் ஊரில் ஒரு சட்டம் வந்தது: இருபது லிராவுக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தமும், உயிலும், வரதட்சணையும் நகரப் பதிவேட்டில் ஏற வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவில் இடம் விட்டால், பிற்பாடு யாராவது ஒரு வரியை நுழைத்துவிடுவார்கள். நாங்கள் என்றால் சிவப்பு மையில் குறுக்கே கோடு இழுப்போம். பொலோஞா நோட்டரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெற்று இடத்தில் கவிதை எழுதினார்கள்! அந்தக் காலத்து இத்தாலியப் பாட்டு பலவும் இப்படித்தான் பிழைத்திருக்கிறது. இத்தாலியின் பெரும் கவிஞர் தாந்தேயின் ஒரு பாட்டு, இந்த ஊரின் சாய்ந்த கரிசேந்தா கோபுரத்தைப் பற்றியது, 1287ல் ஒரு நோட்டரி கையால் ஏறியிருக்கிறது. அக்கா மகன் போனில் அந்தப் பக்கத்தின் படத்தைக் காட்டினான். மேலும் கீழும் கடன் பத்திரம், நடுவில் பாட்டு. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் பக்கங்களில் கோடு இழுத்திருப்பேன் நான். ஒரு வெண்பா எழுதத் தோன்றவில்லை.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த இரண்டு துறவிகள் லொதெரிங்கோ தெலி அந்தலோவும் கதலானோவும். பிரான்கலெயோனேவின் அதே அந்தலோ குடும்பம்தான். மறு வருஷம் இவர்களை ஃபிளாரன்ஸ் நகரம் ஜோடியாகப் பொதெஸ்தா வேலைக்குக் கூப்பிட்டது. ஒருவர் ஒரு கட்சி, இன்னொருவர் மறு கட்சி, இருவரும் சேர்ந்தால் நடுநிலை என்று கணக்கு. கணக்கு பலிக்கவில்லை. தாந்தே தன் காவியத்தில் இருவரையும் நரகத்தில் வேஷதாரிகளின் கூட்டத்தில் வைத்தார். வெளியே பொன்முலாம், உள்ளே ஈயம், அப்படி ஒரு கனமான அங்கியைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். பாட்டை உள்ளே நுழைய விட்ட பதிவேட்டுக்காரர்களுக்குப் பாட்டுக்காரர் கொடுத்த சம்பளம் அது.

சாயங்காலம் மழை விட்டதும் ரயில் நிலையத்துக்கு வடக்கே லிபெர் பரதீசுஸ் சதுக்கம். நகரத்தின் இன்றைய அலுவலகங்கள் இங்கே புதுக் கண்ணாடிக் கட்டடங்களில் இருக்கின்றன. டோக்கன் எடுத்துக் காத்திருக்கும் இடம், அடையாள அட்டை கவுண்டர், எல்லாம் நம் ஊர் வாசனைதான். சதுக்கத்தின் பெயர் ஒரு பழைய பேரேட்டின் பெயர். 1256ல் நகரம் பண்ணையடிமைகளை விலை கொடுத்து மீட்க முடிவு செய்தது. பெரியவர்களுக்குத் தலைக்குப் பத்து லிரா, பதினாலு வயதுக்குக் கீழே எட்டு. ஆக 5,855 பேர். பெயர் பெயராக எழுதிய பேரேடுதான் சொர்க்கப் புத்தகம் என்ற லிபெர் பரதீசுஸ். அடிமை வரி கட்ட மாட்டான், விடுதலையானவன் கட்டுவான் என்ற கணக்கும் அதில் உண்டு. இருக்கட்டுமே. நான் பார்த்த செலவினங்களில் இதற்கு மட்டும் தணிக்கைத் தடை எழுப்ப மாட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இன்று ஊருக்கு விடுதலை நாள். 1945ல் இதே தேதி காலையில் போலந்துப் படை முதலில் நுழைந்தது.

நகர மன்றத்தின் அதே சுவரில், கல் அளவுகளுக்குச் சற்றுத் தள்ளி, கண்ணாடிக்குப் பின்னால் சிறு சிறு புகைப்படங்கள். இரண்டாயிரத்துக்கும் மேல். நாஜிகளையும் ஃபாசிஸ்டுகளையும் எதிர்த்துச் செத்த உள்ளூர் ஆட்கள். இந்தச் சுவரோரம்தான் பிடிபட்டவர்களைச் சுட்டுப் போட்டார்கள். விடுதலை வந்த அன்றே வீட்டுப் பெண்கள் வந்து, கையிலிருந்த படத்தையும் பூவையும் சுவரில் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். அரசாங்கம் திட்டம் போட்டு வைத்ததில்லை. கல்யாண போட்டோவிலிருந்து வெட்டின முகம் ஒன்று, பக்கத்தில் நின்றவளின் தோள் கொஞ்சம் சேர்ந்து வந்திருக்கிறது. காலையில் மலர்வளையங்கள் வந்தன. ஒரு பாட்டி வளையத்தைப் பார்க்கவில்லை; ஒரு படத்தின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு நடந்தார்.

இந்தச் சுவருக்கு ஊர் எப்படி வந்து சேர்ந்தது? போப் ஆட்சி 1859ல் முடிந்து, இத்தாலி ஒன்றானபோது முதல் சிந்தகோ லூயிஜி பிட்சார்தி, ஒரு பிரபு. அப்போதெல்லாம் சிந்தகோவை அரசர்தான் நியமிப்பார். பெரிய ஊர்களில் மன்றமே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனது 1889ல். 1914ல் பிரான்செஸ்கோ ஸனார்தி என்ற சோஷலிஸ்ட் வந்தார். ரொட்டியும் எழுத்தும் என்பது அவருடைய முழக்கம். போர் தொடங்கி விலை ஏறியதும் நகராட்சியே ரொட்டி சுட்டு, கடை போட்டு விற்றது. இன்றைக்கும் ரொட்டி மேயர் என்றால் அவர்தான்.

அவருக்குப் பின் மன்றம் தேர்ந்தெடுத்தவர் என்னியோ ஞூதி, ரயில்வே தொழிலாளி. 1920 நவம்பர் 21, பதவியேற்பு. சதுக்கம் நிறையக் கூட்டம். ஞூதி பால்கனிக்கு வந்து முகம் காட்டினார். ஃபாசிஸ்டுகள் சுட்டபடி சதுக்கத்துக்குள் வந்தார்கள். கூட்டம் நகர மன்ற வாசலை நோக்கி ஓடியது. உள்ளே காவலுக்கு நின்ற சோஷலிஸ்டுகள், தாக்குகிறார்கள் என்று பதறி, மேலிருந்து குண்டுகளைப் போட்டார்கள். விழுந்தது தங்கள் ஆட்கள் மேல். சதுக்கத்தில் பத்துப் பேர் செத்தார்கள். மன்றக் கூடத்துக்குள் எதிர்க்கட்சி உறுப்பினர் ஜூலியோ ஜொர்தானி, போரில் ஊனமுற்றவர், சுடப்பட்டுச் செத்தார். ஞூதி அந்த நாற்காலியில் ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லை. மன்றம் கலைந்தது, தனி அலுவலர் வந்தார்.

அன்று சதுக்கத்தில் நுழைந்த கூட்டத்துக்குத் தலைவர் லெயாந்த்ரோ அர்பினாத்தி. ஆறு வருஷம் கழித்து அவரே இந்த மாளிகையில் வந்து உட்கார்ந்தார். என்ன பதவியில்? பொதெஸ்தா! 1926ல் முசோலினி தேர்ந்தெடுத்த மன்றங்களையும் சிந்தகோவையும் ஒழித்து, பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தார். பெயர் மட்டும்தான் பழையது. ஆறு மாதம் இல்லை, ஐந்து வருஷம். ஊர் கூப்பிட்ட ஆள் இல்லை, மேலிருந்து நியமனம். போகும்போது உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் சிந்தகாத்தோவைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்த ஊர் எண்ணூறு வருஷமாக எதற்குப் பயந்து கட்டு மேல் கட்டுப் போட்டதோ, அதற்கே அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். எனக்கு மற்றதைவிட இந்தத் திருட்டுதான் உறுத்துகிறது.

1945 ஏப்ரலில் விடுதலைக் குழு கைகாட்டிய சிந்தகோ ஜுசெப்பே தோட்சா, கம்யூனிஸ்ட். மறு வருஷம் மார்ச்சில் தேர்தல், பெண்களுக்கும் முதல்முறையாக ஓட்டு. தோட்சாவே வந்தார். 1951, 1956, 1960, 1964, ஒவ்வொரு தடவையும் அவரே. 1966ல் உடல்நிலை காரணமாக இறங்கும்போது இருபத்தொரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் கொடி தாங்க விடாத அதே கட்டடம்! என் கட்சி ஆறு மாத நாற்காலிதான், ஆனால் இவரைப் பற்றிப் படிக்கும்போது கொஞ்சம் தடுமாறுகிறேன். 1956ல் எதிர்த்து நின்ற ஜுசெப்பே தொஸ்ஸெத்தி, ஊரை வட்டங்களாகப் பிரித்து அதிகாரத்தை அங்கே இறக்க வேண்டும் என்றார். தோற்றார், பிற்பாடு பாதிரியாராகவும் போனார். ஜெயித்தவர்கள் அந்த யோசனையை எடுத்து, அறுபதுகளில் வட்டங்களை அமைத்தார்கள். தோற்றவன் யோசனை என்று குப்பையில் போடவில்லை.

ஏப்ரல் 22, புதன்

கிளம்பும் நாள். காபிக் கடையில் அக்கா மகன் மிச்சக் கதையை விரல் விட்டு எண்ணிக் காட்டினான்.

1993ல் சட்டம் மாறி, மேயரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. பெரிய ஊர்களில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கூடாது. 1999ல், விடுதலைக்குப் பின் முதல்முறையாக, இடதுசாரி அல்லாத ஒருவர் மயிரிழையில் ஜெயித்தார். ஜோர்ஜோ குவாட்சலோக்கா, கறிக்கடைக்காரர், வர்த்தக சபைத் தலைவராகவும் இருந்தவர். தாலியாத்தெல்லே பதிவு செய்த அதே சபை. இத்தாலியே திரும்பிப் பார்த்தது. அடுத்த தேர்தலில் தொழிற்சங்கத் தலைவர் செர்ஜியோ கொஃபெராத்தி வந்தார். அவருக்குப் பின் வந்தவர் சில மாதத்திலேயே விலக, 2010ல் மறுபடி தனி அலுவலர்: அன்னா மரியா கன்செல்லியேரி. அப்புறம் மெரோலா பத்து வருஷம், 2021லிருந்து லெபோரே.

“மாமா, ஒண்ணு கவனிச்சீங்களா? இந்த ஊர்ல ஜெயிச்சு வந்த மேயர்ல ஒரு பொம்பளைகூட இல்ல. அந்த நாற்காலில உக்காந்த அம்மா, நியமனத்துல வந்தவங்க.” மனைவி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “எழுதுங்க இதை” என்றாள். எழுதிவிட்டேன்.

நான் ஒருவரைப் பற்றி மட்டும் கேட்டேன். ரெனாத்தோ ஸங்கேரி, 1970 முதல் 1983 வரை மேயர், வரலாற்றுப் பேராசிரியர். பழைய ஊரை இடிக்காமல் பழுது பார்த்து, ஏழைகளை அங்கேயே குடிவைக்கத் திட்டம் போட்டவர்; வேலை நேரத்தில் பேருந்தை இலவசமாக ஓட்டியவர். “அவரைப் பத்தி ஸ்டேஷன்ல சொல்றேன்” என்றான்.

1980 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்தது. 85 பேர் செத்தார்கள். ஆம்புலன்ஸ் போதாமல் 37ஆம் எண் நகரப் பேருந்தின் ஜன்னல்களைத் துணியால் மறைத்து உடல்களை ஏற்றினார்கள். நாலு நாள் கழித்து, பியாட்சா மஜ்ஜோரேயில், குடியரசுத் தலைவர் பெர்த்தினி பக்கத்தில் நிற்க, ஊர் சார்பாகப் பேசியவர் ஸங்கேரி. வழக்கில் பக்கத்தில் நின்று பேசுபவர் என்ற அந்தக் கிரேக்கச் சொல்லின் பழைய பொருளில் அன்று ஒருவர் சிந்தகோவாக நின்றார் என்று தோன்றியது. இப்போதும் ஒவ்வொரு ஆகஸ்ட் 2ஆம் தேதியும் மேயர், செத்தவர்களின் குடும்பத்தாரோடு நெத்தூனோ சதுக்கத்திலிருந்து ஸ்டேஷன் வரை நடந்து வருகிறார்.

காத்திருப்பு அறையின் சுவரில் வெடித்த பிளவை அப்படியே கண்ணாடி வைத்து விட்டிருக்கிறார்கள். வெளிச்சுவர்க் கடிகாரம் 10:25ல் நிற்கிறது. மனைவி அதை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம், “இன்னும் நேரம் இருக்கே, தண்ணி பாட்டில் வாங்கிட்டு வரவா?” என்றாள்.

“அத்தை, அது ஓடாது” என்றான் அவன், பெட்டியைத் தூக்கிக்கொண்டே. “மணி பன்னெண்டாகப் போகுது. வண்டி வந்தாச்சு, வாங்க.”